வேர்க்குழாய் நிரப்பிகளும் தாடைப் படிமங்களும்: சாயக்கசிவுச் சோதனை குறித்த திறனாய்வு

வேர்க்குழாய் நிரப்பிகளைப் பற்றிய பல் மருத்துவக் கட்டுரைகளுள் மிகப் பல ஒரே வகைச் சோதனையைச் சார்ந்து நிற்கின்றன. பிடுங்கிய பல்லின் வேர்க்குழாயைத் துப்புரவாக்கி, ஆய்வுக்குரிய பொருளால் நிரப்பி, வேர்நுனியை மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தில் ஊறவைத்துப் பின் பல்லைப் பிளந்து, சாயம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியுள்ளது என அளப்பதே அது. குறைவாக ஏறினால் நல்ல நிரப்பி. மிகுதியாக ஏறினால் தாழ்ந்த நிரப்பி. செலவு குறைவு, காலமும் குறைவு என்பதால் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளுக்கு இம்முறை உகந்ததாயிற்று. பிடுங்கிய பல்லில் சீழ் கட்டுவதில்லை என்பதும் ஆய்வாளருக்கு ஒரு வசதிதான்.

இச்சோதனைக்கு அடித்தளமிட்ட கருத்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இங்கிள் முன்னெடுத்த ஆய்வோடு தொடர்புடையது. தோல்வியுற்ற சிகிச்சைகளுள் ஏறத்தாழ 60 விழுக்காடு, குழாய் முழுமையாக அடைபடாமையால் நேர்ந்தவை என அவ்வாய்வு வகைப்படுத்தியது. சரியாக நிரப்பப்பட்ட குழாய் பெரும்பாலும் சரியாகத் துப்புரவு செய்யப்பட்ட குழாயாகவும் இருக்கும் என்பதை அவ்வகைப்பாடு பிரித்துக் காணவில்லை. 1965இல் ககேஹாஷி குழுவினர் நுண்ணுயிர் அற்ற சூழலில் வளர்ந்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது, கூழ் அழியவில்லை. காயத்தின்மேல் புதிய பல்திசு வளர்ந்தது. இயல்பான எலிகளில் கூழ் அழுகியது. நோய்க்கு வேர் நுண்ணுயிரே என்பது இதனால் உறுதிப்பட்டது. ரேயும் டிரோப்பும் 1995இல் 1010 பற்களின் ஊடுகதிர்ப் படங்களை ஒப்பிட்டு, வேர்நுனி நலத்தில் பல்லின் மேற்பகுதி அடைப்பின் தரத்துக்கு, வேர் நிரப்பியின் தரத்தைவிட மிகுந்த தொடர்புண்டு எனக் காட்டினர். இவற்றுக்குப் பின்னரும் சாயத்தில் ஊறவைக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை.

சாயத்தின் இயல்பே ஐயத்துக்குரியது. அதன் மூலக்கூறு நுண்ணுயிரைவிடப் பன்மடங்கு சிறியது; நுண்ணுயிர் புக முடியாத இடைவெளியிலும் அது புகும். நிரப்பியினுள் சிக்கிய காற்று, மாறாக, சாயத்தைத் தடுத்து நிறுத்தும். இவ்விரண்டைவிடவும் கவனத்துக்குரிய குறை ஒன்றுண்டு. கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தன்மை மிக்க பொருள்களைத் தொடும்போது மெத்திலீன் நீலம் தன் நிறத்தை இழக்கிறது. அங்கே சாயம் ஏறியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சோதிக்கப்படும் பொருளே சோதனையின் சான்றை அழித்துவிட்டு நற்சான்று பெறுகிறது எனலாம்.

வூ, வெஸ்ஸலிங்க் ஆகியோர் 1993இலேயே இச்சோதனைகளின் முறையியலைக் கேள்விக்குள்ளாக்கினர். வாய்க்குள் இருந்தபோது நலமாக இருந்த வேர்களிலும் சாயம் ஏறுவதை ஆலிவரும் அபட்டும் 2001இல் காட்டினர். 2007இல் 'ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்' இதழின் ஆசிரியர் குழு இவ்வகைக் கட்டுரைகளுக்கு எதிராகத் தலையங்கமே எழுத நேர்ந்தது.

லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாட் குழுவினர் 1993இல் அறிமுகப்படுத்திய எம்டிஏ இங்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. போர்ட்லாந்து சிமெண்டுடன் பிஸ்மத் ஆக்சைடு சேர்ந்த இப்பொருள், தொடக்கக்காலச் சாயச் சோதனைகளில் பழைய நிரப்பிகளைத் தெளிவாக வென்றது. ஆனால் லண்டனில் சோங் குழுவினர் நோயாளிகளிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஈராண்டு முடிவில் எம்டிஏ 92 விழுக்காடும், வலுவூட்டிய துத்தநாக ஆக்சைடு–யூஜினால் சிமெண்டு 87 விழுக்காடும் வெற்றி பெற்றன. அவ்வேறுபாடு புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்கதன்று. எம்டிஏ தாழ்ந்த பொருள் என்பது இதன் பொருளாகாது. ஆய்வுக்கூடத்தில் தோன்றிய பெருவேறுபாடு தாடையில் சுருங்கிவிட்டது என்பதே செய்தி.

தாடையை மெய்யாகக் காட்டும் படிமவியலோ தனிவழியே வளர்ந்தது. ஹெஸ் வல்கனைட் ரப்பரைக் குழாய்களுள் செலுத்தி அச்செடுத்தார். வெர்டூச்சி 1984இல் 2400 பற்களைக் கண்ணாடிபோல் தெளிவாக்கிக் குழாயமைப்பை எட்டு வகைகளாகப் பிரித்தார். 2001இல் பீட்டர்ஸ் குழுவினர் நுண் சிடி வழியே மேல்தாடைக் கடைவாய்ப்பற்களை ஆராய்ந்து, எக்கருவியைக் கையாண்டாலும் குழாய்ச் சுவரின் 35 விழுக்காடோ அதற்கு மேலோ தீண்டப்படாமலே எஞ்சுகிறது எனக் கண்டனர். இவ்வளவு சிக்கலான உறுப்பைப் பற்றிப் பேச வேண்டிய கசிவாய்வுகள் பெரும்பாலும் மகுடம் வெட்டப்பட்ட, நேரான, ஒற்றைவேர்ப் பற்களையே தேர்ந்துகொண்டன. கீழ்த்தாடை நரம்பும் அவற்றின் கணக்கில் இல்லை. பாராபார்மால்டிஹைடு கலந்த பசை வேர்நுனியைத் தாண்டி நரம்புக்குழாயில் இறங்கிக் கீழுதடு நிலையாக மரத்துப்போன நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

படிம ஆய்வுகளும் குறையற்றவை அல்ல. கூம்புக்கற்றை சிடி பரவிய பின், ஒவ்வொரு நாட்டு மக்களிடமும் மேல்தாடை முதற் கடைவாய்ப்பல்லில் நான்காம் குழாய் எத்தனை விழுக்காடு என எண்ணும் கட்டுரைகள் பெருகின. படிமக்கூற்றின் அளவு மாறினால் எண்ணிக்கையும் மாறும். நோயாளியின் வயது கூடினாலும் மாறும். இவற்றை ஒருநிலைப்படுத்தாத ஒப்பீடுகள் மக்களின வேறுபாட்டைக் காட்டுகின்றனவா, கருவி வேறுபாட்டைக் காட்டுகின்றனவா என்பது தெளிவாகவில்லை.

இரு துறைகளும் மெய்யாக மோதும் இடம் ஒன்றுண்டு. நிரப்பி ஊடுகதிர்ப் படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, 3 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குக் குறையாத மறைப்புத்திறனைப் பன்னாட்டுத் தரநிலை வேண்டுகிறது. அத்திறனைத் தரும் பிஸ்மத், பேரியம் சேர்மங்களே கூம்புக்கற்றைப் படிமத்தில் கரும்பட்டைகளையும் வெண்கீற்றுகளையும் உண்டாக்கி, நிரப்பிய வேரில் விடுபட்ட குழாயையும் வெடிப்பையும் மறைக்கின்றன. பிற்காலச் சிமெண்டுகள் பலவற்றில் பிஸ்மத் ஆக்சைடு கைவிடப்பட்டுச் சிர்கோனியம் ஆக்சைடு இடம்பெற்றது. அம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணமானது பல்லின் நிறம் கறுத்தமையே. படிமம் மறைபட்டமை அன்று.