மூடும் முன் ஒரு பார்வை

நாமக்கல் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பதுபோல, அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர் வெடிமருந்திட்ட பித்தளைக் கூடுகளைக் குழிப்பலகையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். (நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி இதற்கு உரிமம் வேண்டும்.) அந்தப் பார்வையே இந்தக் கைத்தொழிலின் அழகு என்பேன். மருந்து குறைந்தால் குண்டு துப்பாக்கிக் குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். தராசு போதாதா என்று கேட்கலாம். 9 மி.மீ. தோட்டாவில் மருந்து ஏறத்தாழ 0.3 கிராம்தான்; குண்டு வைத்து மூடியபின் எடை போட்டால், கூட்டுக்குக் கூடு மாறும் எடையிலேயே அந்தக் குறை மறைந்துபோகும். மருந்தை அளந்து விடும் குழாயில் அது தங்கினால் ஒரு கூட்டில் குறைந்து, அடுத்ததில் கூடுதலாக விழும். பக்கத்துக் கூடுகளோடு ஒப்பிடும் கண்ணுக்கு இறங்கிய மட்டம் உடனே தெரியும். சிறு குறை கண்ணுக்குத் தப்பலாம், உண்மைதான். அதற்குத்தான் இடையிடையே மருந்தை மட்டும் தராசில் இடுவது.