எண்ணிக்கையும் பிளவும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்துச் சபைப்பிரிவுக் கணக்கீடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சீர்திருத்தக் கிறித்தவம் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிளவுண்டது என்னும் கூற்று தமிழ்க் கிறித்தவ ஆய்வுகளில் சான்றின்றி எடுத்தாளப்படுகிறது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தின் சபை வரலாற்றோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘சபை’ என்னும் தமிழ்ச்சொல்லின் பொருள் விரிவும், கல்லறை உரிமை, சாதி ஆகியவற்றின் பங்கும் இங்குக் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சபை, சபைப்பிரிவு, ஆற்காடு மிஷன், லுத்தரன் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை, ஆம்பூர், கணக்கீடு

முன்னுரை

கிறித்தவருக்குள் உள்ள பிரிவுகளைச் சுட்டி வாதிடுவது தமிழுக்குப் புதிதன்று. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்தபின் சில பத்தாண்டுகளுக்குள் வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகிய உரைநடை நூல்களை அவ்வியக்கத்திற்கு எதிராக எழுதினார். பேதகம் என்னும் சொல்லுக்கு வேறுபாடு, பிரிவு என்னும் பொருள்கள் உண்டு. தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்தையே இந்தப் பூசல் ஓரளவு வளர்த்திருக்கிறது எனலாம்.

இன்று அதே பூசல் ஓர் எண்ணின் வடிவில் நடைபெறுகிறது. ஒரு தரப்பினர் 33,000 பிரிவுகள் என்பர். மறுதரப்பினர் அது பொய்க்கணக்கு என்பர். அண்மைக் காலத்தில் எண் 45,000 ஆகவும் உயர்ந்துவிட்டது. என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் வரைவில் நானும் இவ்வெண்ணை ஓர் அடைமொழிபோல எழுதியிருந்தேன். நெறியாளர் அதன் அருகே ஒரு கேள்விக்குறி இட்டுத் திருப்பித் தந்தார். இக்கட்டுரை அக்கேள்விக்குறியிலிருந்து தொடங்குகிறது.

எண்ணின் பிறப்பு

இவ்வெண்ணின் மூலம் டேவிட் பாரெட் தொகுத்த ‘உலகக் கிறித்தவக் கலைக்களஞ்சியம்’. 1982இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பு ஏறத்தாழ 20,800 சபைப்பிரிவுகளைக் கணக்கிட்டது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 33,800ஐ எட்டியது. டாட் ஜான்சன், ஜீனா சுர்லோ ஆகியோரின் மூன்றாம் பதிப்பு 45,000 என்கிறது.

இரண்டாம் பதிப்பின் அட்டவணையைப் பொறுமையுடன் நோக்குவோர்க்கு முதல் வியப்பு காத்திருக்கிறது. அம்மொத்தம் சீர்திருத்தக் கிறித்தவத்தை மட்டும் குறிப்பதன்று. கத்தோலிக்கம், கிழக்கத்திய மரபுவழிச் சபைகள், ஆங்கிலிக்கம் யாவும் அதனுள் அடக்கம். ‘சீர்திருத்தம்’ என்னும் வகைமைக்கு உரியவை ஏறத்தாழ 9,000 மட்டுமே. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 22,000 அளவில், ‘தற்சார்புச் சபைகள்’ என்னும் தனி வகைமையில் வைக்கப்பட்டுள்ளது. தொகுப்பாளர்களே பிரித்து வைத்ததை மேற்கோள் காட்டுவோர் ஒன்றாக்கிவிட்டனர்.

இரண்டாவது வியப்பு இதனினும் பெரிது. ஒரு நாட்டிற்குள் இயங்கும் ஒழுங்கமைந்த சபை ஒவ்வொன்றும் ஒரு பிரிவு என்பது கலைக்களஞ்சியத்தின் வரையறை. அதன்படி ஒரே அமைப்பு இரு நாடுகளில் இருந்தால் அது இரண்டு. இவ்விதியால் கத்தோலிக்கத் திருச்சபையே 242 பிரிவுகளாக அவ்வட்டவணையில் நிற்கிறது! சீர்திருத்தச் சபைகளின் சிதறலைக் காட்ட இவ்வெண்ணை ஆளும் கத்தோலிக்க எழுத்தாளர் எவரும் இந்த 242ஐக் குறிப்பிட நான் கண்டதில்லை.

தமிழருக்கு நெருக்கமான சான்று ஒன்றுண்டு. 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் தொடக்கத்திலிருந்தே யாழ்ப்பாணப் பேராயமும் ஒன்று. அதன் முதற்பேராயர் குலேந்திரன். கலைக்களஞ்சியத்தின் விதியை அப்படியே ஏற்றால், ஒன்றுபடுவதற்கென்றே தோன்றிய அத்திருச்சபை இந்தியாவில் ஒன்று, இலங்கையில் ஒன்று என இரண்டாகிவிடும். பாக்குநீரிணையே அங்குப் பிளவு. அந்நீரிணையைக் கடந்து வந்த குடும்பத்தினரே வேலூர் வட்டாரத்தின் சபை வரலாற்றைத் தொடங்கி வைத்தனர் என்பது கூடுதல் நயம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியராகப் பணியைத் தொடங்கிய ஜான் ஸ்கடரின் மைந்தர்களே 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினர்.

ஆனால் எண்ணை மறுப்பதோடு ஆய்வு முடிந்துவிடாது. ‘33,000 பொய்; ஆகவே பிளவும் பொய்’ என்று சீர்திருத்தத் தரப்பு எழுத்துகள் தாவுவதும் ஏற்கத்தக்கதன்று. பிளவு உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதே வினா.

ஒரே தண்டவாளம், இரண்டு திருச்சபைகள்

வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். பாலாற்றின் ஓட்டத்தை எதிர்த்துப் பயணம் செய்தால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்கள் தொடரும். தொழில் ஒன்று, பேச்சுவழக்கு ஏறத்தாழ ஒன்று, தொழிலாளர் பிறந்த சேரிகளும் ஒரே தன்மையன. ஆயினும் வேலூர்க் கிறித்தவர் ‘சி.எஸ்.ஐ.’ என்பர், ஆம்பூர்க் கிறித்தவர் ‘லுத்தரன்’ என்பர்.

வேலூரின் கதை இணைப்புகளின் கதை. ஆற்காடு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. அதன் சபைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மிஷனின் சபைகளோடு கூடின. 1908இல் தென்னிந்திய ஐக்கியச் சபையில் கலந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் சென்றன. 1976இல் சென்னைப் பேராயத்திலிருந்து பிரிந்து வேலூர்ப் பேராயமாயின. இந்த இறுதி நிகழ்ச்சியை எவரும் பிளவென்று கூறுவதில்லை. நிர்வாகப் பிரிப்பு என்றே கூறுவர். எது பிளவு, எது பிரிப்பு என்பதைப் பெயர் வைப்பவரே முடிவு செய்கிறார்.

ஆம்பூரின் கதை ஒரு பூசலில் தொடங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த நேத்தர், மோன் என்னும் இரு ஊழியர்கள், மறைநூலின் பிழையின்மை பற்றிய கருத்து வேறுபாட்டால் அம்மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அவர்களை ஏற்று அனுப்ப, 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கியது. பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி எனப் பரவிற்று. 1950களின் இறுதியில் அது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயிற்று; ஆம்பூர் அதன் மண்டலங்களுள் ஒன்று. லைப்சிக் மரபோ 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தது. ஆம்பூரில் இம்மரபினர் நிறுவிய பள்ளி கன்கார்டியா என்னும் பெயர் பூண்டது. இலத்தீனில் அச்சொல்லுக்கு மன ஒருமை என்பது பொருள். 1580இல் தொகுக்கப்பட்ட லுத்தரன் விசுவாச நூலின் பெயரும் அதுவே. விலகி வந்த மரபு ஒருமையின் பெயரைச் சூடியதில் நகைப்புக்கு இடமில்லை. உண்மையான ஒருமைக்காகவே தாம் விலகியதாக அவர்கள் கருதினர்.

இந்தப் பிளவு ஜெர்மானிய இறையியல் வாதத்தில் பிறந்தது. ஆம்பூர்த் தொழிலாளியின் பாட்டனார் அவ்வாதத்தில் பங்கு கொண்டவர் அல்லர். தம் சேரியில் பள்ளி திறந்தவர் யாரோ அவருடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய மாநாட்டில் அசரியா, சந்தியாகு முதலியோர் விடுத்த அறிக்கையின் சாரமும் ஏறத்தாழ இதுவே: பிரிவுகள் புறத்தேயிருந்து வந்தவை, நாம் ஆக்காதவை. அறிக்கையின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு நூற்றாண்டுக்குப் பின், தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் 1947க்குப் பிறகு நடத்திய நெடிய உரையாடல்களும் இணைப்பில் முடியாத நிலையில், ‘நாம் ஆக்காதவை’ என்பதை இன்றும் கூறிக்கொண்டிருக்க இயலுமா? பள்ளி, மருத்துவமனை, நிலம், தேர்தல் ஆகியவை புறத்தேயிருந்து வந்த பிரிவுக்கு உள்ளூரில் வேர் பிடிக்கச் செய்துவிட்டன.

‘சபை’ என்னும் சொல்

கணக்கீடு பற்றிய விவாதத்தைத் தமிழில் நடத்துவோர் சந்திக்கும் முதல் இடர் சொல்லிலேயே உள்ளது. ‘சபை’ என்பது உலகளாவிய திருச்சபையையும் குறிக்கும், சி.எஸ்.ஐ. போன்ற அமைப்பையும் குறிக்கும். தெருமுனையில் தகரக் கூரையின்கீழ் கூடும் முப்பது பேரையும் குறிக்கும். ‘ஆம்பூரில் எத்தனை சபைகள்?’ என்று வினவினால் விடை மூன்றாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம், இரண்டும் பிழையல்ல. இதனோடு ‘ஊழியம்’, ‘ஐக்கியம்’, ‘ஜெப வீடு’ என்னும் சொற்களும் உள்ளன. ‘இயேசு அழைக்கிறார்’ போன்ற ஊழியத்திற்குக் காணிக்கை அனுப்புபவர் தம் சபையை விட்டு விலகுவதில்லை. அதனை ஒரு பிரிவாக எண்ணுவதா?

தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கத்தை விரிவாக ஆராய்ந்த மைக்கேல் பெர்குந்தரின் நூல், தனித்தனிப் போதகர்களின் வாழ்க்கையையும் அவர்களிடையேயான தொடர்புகளையும் கொண்டே அவ்வியக்கத்தை விளக்குகிறது. அமைப்புகளை மட்டும் எண்ணுவோர்க்கு அது ஒரு நல்ல பாடம். தற்சார்புச் சபைகளின் எண்ணிக்கை பெருகுவதற்கு எப்போதும் கோட்பாட்டு முரண் காரணமாக இருப்பதில்லை. ஒரு போதகர் ஓய்வுபெற, அவருடைய உதவியாளர் அடுத்த தெருவில் கூடுகை தொடங்கினால் எண் ஒன்று கூடும். நம்பிக்கையில் ஓர் எழுத்தும் மாறியிராது.

பாடல்களைக் கேட்டால் வேறொரு கணக்கு கிடைக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தம் காலத்து மிஷனரிகளோடு மொழிபெயர்ப்பு, இசை, சாதி வழக்கம் ஆகியவற்றில் கடுமையாக முரண்பட்டவர். அவர் இயற்றிய கீர்த்தனைகளோ இன்று சி.எஸ்.ஐ. கோயிலிலும் லுத்தரன் கோயிலிலும் ஒருங்கே ஒலிக்கின்றன. சபைப் பட்டியல்களை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது.

கல்லறைத் தோட்டமும் பதிவேடும்

கள ஆய்வில் இவ்வட்டாரக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் பெண்மணி ஒருவரைச் சந்தித்தேன். “நீங்கள் எந்தச் சபை?” என்ற வினாவுக்கு அவர் அளித்த விடை என் படிவத்தில் இருந்த கட்டங்களுக்குள் அடங்கவில்லை. ஞாயிறு காலை லுத்தரன் ஆராதனை. வெள்ளி இரவு அண்டை வீட்டில் உபவாச ஜெபம். முழுக்கு ஞானஸ்நானம் பெற்றது பெந்தெகொஸ்தே சபையில். லுத்தரன் சபைக்குரிய சந்தாவை மட்டும் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. காரணம் கேட்டேன். “அங்கேதானே தம்பி புதைக்க இடம் இருக்கு” என்றார்.

இவ்விடை கணக்கீட்டின் அடிப்படையையே அசைக்கிறது. பழைய மிஷன் சபைகளிடம் கல்லறைத் தோட்டம் உண்டு. திருமணப் பதிவேடு உண்டு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், திருமணம் நடத்தி வைக்கத் தகுதியுடையோரை வரையறுக்கிறது. ஆயர் மரபில் அருட்பொழிவு பெற்றவருக்கு ஒரு வழி, ஏனைய ஊழியருக்கு உரிமம் என அச்சட்டமே சபைகளை வகைப்படுத்துகிறது. புதிய சபைகள் பலவற்றுக்கு நிலமோ உரிமமோ எளிதில் கிடைப்பதில்லை. எனவே ஒருவர் ஆவிக்குரிய வாழ்வை ஓரிடத்திலும் இறப்புக்குரிய உறுப்பினர் உரிமையை வேறிடத்திலும் வைத்திருக்கிறார். கலைக்களஞ்சியம் ‘இரட்டை உறுப்பினர்’ என ஒரு வகையை ஏற்படுத்தியிருப்பது உண்மையே. ஆனால் அதனை அது திருத்திக் கழிக்க வேண்டிய மிகையாகவே நடத்துகிறது. இங்கு அதுவே வாழ்முறை.

கணக்கில் வராத பிளவு

மேற்கண்டவை எண்ணின் மிகையைக் காட்டுவன. எண்ணின் குறையைக் காட்டும் சான்றும் உண்டு. என் கருத்தில் அதுவே முதன்மையானது. 2008இல் விழுப்புரம் பகுதி எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கோரியபோது ஏற்பட்ட மோதலும் துப்பாக்கிச் சூடும் எந்தச் சபைப்பிரிவு அட்டவணையிலும் ஓர் எண்ணைக்கூடக் கூட்டியிராது. ஒரே திருச்சபை, ஒரே விசுவாச அறிக்கை, ஒரே ஆயர். ஆயினும் வழியும் கல்லறையும் வேறு வேறு. சீர்திருத்தச் சபைகள் இதிலிருந்து விடுபட்டவை அல்ல. லைப்சிக் மிஷன் சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொண்டதையும் ஆற்காடு மிஷன் அவற்றுக்கு இடந்தர மறுத்ததையும் ஒப்பிட்டால், இவ்விரு மரபுகளின் வேறுபாடு விசுவாச நூல்களில் உள்ளதைவிட இதில் கூர்மையாகத் தெரியும்.

தோல் தொழில் வட்டாரத்தில் இது மேலும் சிக்கலாகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவராகப் பதிவு செய்யும் தலித் ஒருவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகிறார். ஆகவே ஜெப வீட்டில் முதல் வரிசையில் அமர்பவர் சான்றிதழில் இந்துவாக இருப்பது இயல்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கு தமிழ்நாட்டுக் கிறித்தவரை 44,18,331 எனவும் விழுக்காட்டில் 6.12 எனவும் கூறுகிறது. கிறித்தவர் எத்தனை பேர் என்பதே உறுதியாகாத இடத்தில் கிறித்தவப் பிரிவுகள் எத்தனை என்று ஆயிரக்கணக்கில் கூறும் துணிவு வியப்பளிக்கிறது.

பிரிவுகளை எண்ணவே கூடாதென்பது என் கருத்தன்று. என் ஆய்வேட்டின் படிவத்தில் ‘சபை’ என்னும் ஒற்றைக் கட்டத்தை நீக்கியுள்ளேன். அதற்கு மாறாக, ஞானஸ்நானம் பெற்ற இடம், வாரந்தோறும் செல்லும் இடம், சந்தா செலுத்தும் இடம், புதைக்கப்படும் இடம் என நான்கு கட்டங்கள் இப்போது உள்ளன. இதுவரை நிரப்பப்பட்ட படிவங்களில் நான்கும் ஒன்றாக அமைந்தவை மிகச் சிலவே.