சையது நயீமுத்தீன்

சையது நயீமுத்தீன் (பிறப்பு: 1944) இந்தியக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். ஹைதராபாத்தைச் சேர்ந்தவர். பின்களத் தடுப்பாட்டக்காரராக விளையாடினார். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர். துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் கால்பந்துப் பயிற்சியாளர். இந்திய அணிக்கும் வங்கதேச அணிக்கும் பயிற்சியளித்தவர்.

பின்புலம்

நயீமுத்தீன் உருவான காலத்தில் ஹைதராபாத் இந்தியக் கால்பந்தின் முதன்மையான நாற்றங்கால்களில் ஒன்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்தையும் பெற்ற இந்திய அணிகளின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அந்நகரத்தவர். ரஹீம் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை அவர் வகுப்பறை ஒழுங்குடன் நடத்தினார். 1963-ல் அவர் மறைந்தார். நயீமுத்தீன் அந்த அணி வழியாகவே அகில இந்தியக் கவனத்துக்கு வந்தார். உடல் தகுதியும் ஒழுங்கும் திறமைக்கு முன்னால் வரவேண்டும் என்ற அவரது பிடிவாதத்துக்கு இந்த மரபே வேர்.

ஆட்ட வாழ்க்கை

1960-களின் நடுவில் நயீமுத்தீன் கொல்கத்தாவுக்குச் சென்றார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரும் கழகங்களுக்கும் விளையாடினார். புகழ்பெற்ற கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் அக்காலத்தில் ஈஸ்ட் பெங்காலிலும் இந்திய அணியிலும் அவருக்குப் பின்னால் நின்றவர்.

இந்தியக் கால்பந்தில் முன்கள வீரர்களுக்கே பெயர் நிலைத்தது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் என்று ரசிகர்கள் அடுக்குவது கோல் அடித்தவர்களை. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்கைப் பற்றிக்கூட அதிகம் சொல்லப்படும் கதை, 1962 இறுதியாட்டத்தில் தலைக் காயத்துடன் முன்களத்துக்குச் சென்று அவர் அடித்த கோல்தான். நயீமுத்தீனுக்கு அப்படி ஒரு கதை இல்லை. அவர் செய்தது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது மட்டுமே. அது நினைவில் தங்குவதில்லை, ஆட்ட முடிவில் தெரிகிறது.

1970-ல் பாங்காக்கில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தியா ஜப்பானை 1-0 என வென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற நாடு ஜப்பான். அத்தகைய எதிரணியை ஒரே கோலின் முன்னிலையில் கடைசிவரை பிடித்து நிறுத்தியது பின்களத்தின் வெற்றி. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பின் பதக்கம் பெறவில்லை.

பயிற்சியாளர்

பயிற்சியாளராக நயீமுத்தீனின் உச்சம் 1990. அவ்வாண்டு ஈஸ்ட் பெங்கால் அவரது பயிற்சியில் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் வென்றது. அவ்வாண்டுக்கான துரோணாச்சாரியார் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆட்டக்காரருக்கான அர்ஜுனா விருது 1997-ல்தான் வந்தது. பாங்காக் வெண்கலத்துக்கும் அதற்கும் இடையே 27 ஆண்டுகள். ஆசிரியராக அங்கீகரிக்கப்பட்ட பின்னரே அவர் ஆட்டக்காரராக அங்கீகரிக்கப்பட்டார்.

1997-ல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியக் கோப்பையை இந்தியா அவரது பயிற்சியில் வென்றது. இறுதியாட்டத்தில் மாலத்தீவை 5-1 என வீழ்த்தியது. ஐ.எம். விஜயன், பாய்சுங் பூட்டியா ஆகியோர் உச்சத்தில் இருந்த அணி அது. 2005-ல் மீண்டும் தேசியப் பொறுப்பேற்று கராச்சியில் அதே கோப்பையை வென்றார். அடுத்த சில மாதங்களில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியா ஜப்பானிடம் 0-6 எனவும், டெல்லியில் ஏமனிடம் 0-3 எனவும் தோற்றது. 2006-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த பாப் ஹௌடன் அவரது இடத்துக்கு வந்தார். நயீமுத்தீன் பின்னர் வங்கதேச தேசிய அணிக்குப் பயிற்சியளித்தார். டாக்காவின் பிரதர்ஸ் யூனியன் கழகத்திலும் பணியாற்றினார்.

மதிப்பீடு

நயீமுத்தீன் பற்றி இரண்டு மதிப்பீடுகள் வழக்கில் உள்ளன. கண்டிப்பான ஆசிரியர், ஒழுங்கு குலைந்த இந்தியக் கால்பந்துக்குத் தேவைப்பட்டவர் என்பது ஒன்று. காலம் கடந்த முறைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பது மற்றொன்று. இரண்டும் அவரது குணத்தைப் பற்றியவை. அவருக்குக் கிடைத்த கால அளவை இரண்டும் கணக்கில் எடுப்பதில்லை.

ஓட்டம், உணவு, உறக்கம், நேரந்தவறாமை ஆகியவற்றில் தொடங்குவது அவரது முறை. அது மெல்லப் பலன் தரும் முறை. கழகப் பயிற்சியாளருக்கு வீரர்கள் பருவம் முழுவதும் கையில் இருக்கிறார்கள். 1990-ன் மூன்று கோப்பைகள் அந்த அவகாசத்தின் விளைச்சல். தேசியப் பயிற்சியாளருக்கு வீரர்கள் சில வாரங்களுக்கே கிடைக்கிறார்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் மாறுவதில்லை. தெற்காசியாவில் எதிரணிகளும் ஏறத்தாழ அதே நிலையில் இருந்ததால் குறை வெளிப்படவில்லை. ஜப்பான் முன்னால் அது வெளிப்பட்டது. 1970-ல் இந்தியாவிடம் தோற்ற அந்நாடு 1993-ல் ஜே-லீகைத் தொடங்கி, 1998 முதல் உலகக் கோப்பைகளில் ஆடிவந்தது. 0-6 என்பது இரண்டு நாடுகள் 36 ஆண்டுகளில் சென்றடைந்த தொலைவின் அளவு. அதைப் பயிற்சியாளர் ஒருவரின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமல்ல.

ஆனால் அவரை முழுமையாக விடுவிக்கவும் முடியாது. குறுகிய காலமே கிடைக்கும் பயிற்சியாளர், வீரர்கள் இருக்கும் நிலையை ஏற்று அதற்கேற்ற ஆட்ட வடிவத்தை வகுக்க வேண்டும். சொந்த மண்ணில் ஏமனிடம் மூன்று கோல் வாங்கியதற்கு ஜப்பானின் வளர்ச்சி விளக்கமாகாது. தடுப்பாட்டக்காரராக இருந்த ஒருவரின் அணி பின்களத்திலேயே உடைந்தது அவரது பயிற்சி வாழ்க்கையின் முதன்மையான குறை. தான் பெற்ற ஒழுங்கை அவரால் கற்பிக்க முடிந்தது. தான் ஆடுகளத்தில் உள்ளுணர்வால் செய்த இடத்தேர்வை, புதிய வேகத்துக்கு ஏற்ற பாடமாக மாற்ற முடியவில்லை.

நயீமுத்தீனின் இடம் ரஹீம் மரபின் கடைசிப் பெரிய ஆசிரியர் என்பது. அம்மரபு ஆட்டக்காரனை முதலில் உடலால் தயாரித்தது. அடுத்து வந்த காலம் அதை அடிப்படைத் தகுதியாக மட்டும் கொண்டு, அதற்கு மேல் கேட்டது. இன்று தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர்களில் பயிற்சி தரும் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் அவரது வாழ்க்கையில் பாடம் உண்டு. நன்றாக ஆடியவர் கற்பிக்கத் தொடங்கும்போது, தன் கால்கள் அறிந்ததைச் சொல்லாக மாற்றும் வேலை புதிதாகத் தொடங்குகிறது.