சர்ச்சுக்கு முதல்முறை போகிறீர்களா? காதோடு போங்கள்

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவருக்குக் கோயிலில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜகோபுரத்துக்குள் நுழைந்தால் கால் தானே வழி பிடிக்கும், கை தானே குவியும். அதே மனிதர் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியை ஆயிரம் தடவை கடந்து போயிருப்பார். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கேக்கைச் சாப்பிட்டிருப்பார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழுசாக உட்கார்ந்திருக்க மாட்டார். கூச்சம்தான் காரணம். எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது, யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? அந்தக் கூச்சத்தில், நம் ஊரிலேயே இருக்கிற ஒன்றை ஆயுசு முழுக்கப் பார்க்காமல் போகிறோமே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நான் முதலில் போனது லுத்தரன் சபைக்கு. கூடப் படித்த நண்பன் கூப்பிட்டிருந்தான். உட்கார்ந்ததும் என் கண் மூலவரைத் தேடியது. பழக்கம் அப்படி. வெள்ளைத் துணி விரித்த பீடம், இரண்டு மெழுகுவத்தி, ஒரு மரச் சிலுவை. பார்த்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலைந்து வாரம் போன பிறகுதான் பிடிபட்டது. நாம் சாமி பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் வசனம் கேட்கப் போகிறவர்கள். அங்கே கண்ணுக்கு வேலை குறைவு, எல்லாம் காதுக்குத்தான்.

இதையே மறுபக்கத்திலிருந்து நம் ஊரில் அனுபவித்த ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் சுவாமி அபிஷிக்தானந்தர். 1949 ஜனவரியில் மோன்ஷானென் அடிகளாரோடு ரமணாசிரமத்துக்கு வந்தார். நிறைய எதிர்பார்த்து வந்தவருக்கு மகரிஷியின் முதல் தரிசனம் ஏமாற்றமாகவே இருந்தது. அவரைப் பிடித்து இழுத்தது அங்கே நடந்த வேதபாராயணம். ஆசிரமத்துக்கு வந்திருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, நீங்கள் மூட்டை முடிச்சு அதிகமாகச் சுமந்து வந்துவிட்டீர்கள், இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள் என்கிற பொருள்பட அவரிடம் சொன்னாராம். லெ சோ கேட்டுக்கொண்டார். பிற்பாடு திரும்பி வந்து இந்த அண்ணாமலையின் குகைகளில் தங்கினார். சர்ச்சுக்குப் போகிற நமக்கும் அந்த அம்மாள் சொன்னதுதான்.

சரி, எதைக் கேட்பது? பாட்டிலிருந்து தொடங்குங்கள். சுவரில் ஒரு சின்னப் பலகையில் மூன்று நான்கு எண்கள் தொங்கும். அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளின் எண்கள் அவை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் புத்தகத்தைப் பிரித்தே கையில் கொடுப்பார். அதில் ஒரு வகை, ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. பாமாலை என்றும் சொல்வார்கள். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரிஷியஸ், ஜெர்மன் பாட்டுகள் பலவற்றை மெட்டுக்கு இசையத் தமிழாக்கினார். கேட்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். குறில் மெட்டுக்காக நெடிலாக நீளும். சொல் ஓர் இடத்தில் முடியும், இசை வேறோர் இடத்தில் மூச்சு வாங்கும். தமிழ் இடறுகிறதே என்று முதலில் தோன்றும். நூறு பேர் சேர்ந்து பாடி நாலாவது சரணத்துக்கு வரும்போது அந்த இடறலே நடையாகியிருக்கும். முன்வரிசைப் பாட்டிமார் கையில் புத்தகமே இருக்காது.

இன்னொரு வகை கீர்த்தனை. இங்கே வந்தால் நம் வீட்டுக்கு வந்த மாதிரி. பல்லவி, அனுபல்லவி, சரணம். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். இந்த மரபின் பெரிய பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். குறவஞ்சியையும் விட்டுவைக்காமல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். ஒரே ஆராதனையில் ஜெர்மன் மெட்டும் நம் ராகமும் அடுத்தடுத்து வரும். அந்த மாறுகிற இடத்தைத் தவறவிடாதீர்கள். அதுவரை புத்தகத்தைப் பிடித்தபடி அசையாமல் பாடிய கூட்டத்தில் தபேலா விழுந்ததும் தலைகள் ஆடும், கை தானாகத் தாளத்துக்குப் போகும். அந்த ஒரு கணத்துக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம்.

பிறகு சொற்கள். ஆராதனை, ஸ்தோத்திரம், கிருபை, அபிஷேகம், பலிபீடம், ஆசாரியர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் கோயிலில் இருக்கிறோம் என்று ஒரு நொடி குழம்பும். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் இன்றும் ஒலிப்பது பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் இந்த மணிப்பிரவாளத் தமிழ்தான். கத்தோலிக்கக் கோயிலில் வேறு தமிழ். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு பூசை லத்தீனில் நடந்தது. தமிழுக்கு மாறியபோது திருப்பலி, மறையுரை என்று தனித்தமிழ்ப் பக்கம் சாய்ந்துகொண்டது. இங்கே ஐயர் செய்வது பிரசங்கம், அங்கே ஃபாதர் ஆற்றுவது மறையுரை. இரண்டு இடத்துக்கும் அடுத்தடுத்த வாரம் போய்ப் பாருங்கள். ஒரே பைபிள் இரண்டு தமிழில் பேசும்.

நடைமுறை அதிகமில்லை. வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். சில இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கடைசிக்கு முந்தின வரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர் எழுந்தால் எழுந்திருங்கள், அவர் உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்கால் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காணிக்கைப் பை வந்தால் மனமிருந்தால் போடலாம், இல்லையென்றால் அடுத்தவரிடம் நகர்த்தலாம். செல்போனை அணைத்துவிடுங்கள். நம் கோயில்போல நினைத்த நேரத்தில் வந்து நினைத்த நேரத்தில் போகிற இடம் இல்லை இது. தொடக்கத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய், கடைசி ஆசீர்வாதம் வரை இருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நேரத்தில் எல்லோரும் வரிசையாக எழுந்து போவார்கள். நம் புத்திக்கு அது பிரசாதமாகத் தெரியும். பிரசாதத்தை வாங்காமல் வருவது மரியாதை இல்லை என்றுதானே வளர்ந்திருக்கிறோம்! அங்கே நேர்மாறு. ஞானஸ்நானம் பெற்று, அந்தச் சபை முறைப்படி ஆயத்தமானவர்களுக்கு உரியது அது. இருந்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடிய மரியாதை. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முடிந்ததும் வாசலில் யாராவது, ‘புதுசா வந்திருக்கீங்களா?’ என்று கேட்பார்கள். உங்களுக்காக ஜெபம் செய்யட்டுமா என்றும் கேட்கலாம். பலர் பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். ‘ஆராதனையைப் பார்க்கணும்னு வந்தேன்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள், போதும். எனக்கு அப்படிச் சொன்னபோது கிடைத்தது ஒரு டம்ளர் டீயும் அரை மணி நேரப் பேச்சும்.

கத்தோலிக்கரின் மாதா கோயிலில் கண்ணுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. அப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு விளக்கு அணையாமல் எரியும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று கல்லில் வெட்டி வைத்த நாட்டுக்காரர்களுக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு போங்கள். அதை இந்த ஊர்க்காரர் புரிந்துகொள்கிற அளவுக்கு வேறு யாரும் புரிந்துகொள்ள முடியாது என்று நம்புகிறேன். கார்த்திகை தீபத்தன்று விடிகாலை நாலு மணிக்குப் பரணி தீபம் பார்த்திருப்பீர்கள். ஒரு சுடரிலிருந்து ஐந்து சுடர். ஏகன் அநேகனாவது. சாயங்காலம் மலைமேல் அந்த அநேகன் மறுபடி ஏகனாவது. ஈஸ்டர் இரவில் மாதா கோயிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டுவார்கள். பெரிய பாஸ்கா மெழுகுதிரியில் ஃபாதர் சிலுவைக் குறி கீறி, அந்த வருஷத்தின் நாலு இலக்கத்தையும் பொறித்து, அந்தத் தீயிலிருந்து ஏற்றுவார். உள்ளே விளக்கு ஒன்றுகூட இருக்காது. அந்த ஒற்றைத் திரி இருட்டில் நடந்து வரும். மூன்று இடத்தில் நின்று, மூன்று தடவை ராகமாகக் கூப்பிடுவார்கள். ஜனங்கள் பதில் பாடுவார்கள். பிறகு அதிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து பக்கத்தவர் என்று கைக்குக் கை சுடர் தாவும்.

முன்கூட்டியே போய் வாசலில் ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகு கையில் சொட்டாமல் இருக்கக் காகிதத்தில் ஓட்டை போட்டு அதில் செருகிப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் சுடரோடு உங்கள் பக்கம் திரும்பும்போது, ஏற்றிய திரியை அவர் சாய்க்கக் கூடாது, ஏற்றாத உங்கள் திரியைத்தான் சாய்த்து நீட்ட வேண்டும். தெரியாமல் நின்ற எனக்கு அதைச் சொல்லித் தந்தது, பக்கத்தில் நின்றிருந்த எட்டு வயதுச் சிறுமி.