பாக் டூ-இக் உதைத்த இடம்

1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் இத்தாலி தோற்றதற்கு ஜாக்கமோ புல்காரெல்லியின் முழங்காலைக் காரணம் காட்டுவார்கள். முதல் பாதியிலேயே அவர் காயத்தோடு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. அதனால் மீதி நேரம் முழுக்க இத்தாலி பத்துப் பேரோடு ஆடியது. உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. சோவியத் அணியிடம் 0-3 என்று தோற்று, சிலியோடு கடைசி நிமிடங்களில் சமன் செய்த கொரியர்கள் ஓட்டத்தை மட்டும் குறைக்கவே இல்லை. 42ஆவது நிமிடத்தில், தலையால் முட்டித் திருப்பப்பட்ட பந்தைத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு முன்பே எட்டிப் பிடித்தார் பாக் டூ-இக். வலப்பக்கத்திலிருந்து தரையோடு குறுக்கே ஓர் உதை. கோல்கீப்பர் அல்பெர்தோசி பாய்ந்தும் பயனில்லை. 1-0.

அந்தக் கோல் விழுந்த அயர்சம் பார்க் இன்று இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் இரும்பு நகரமான மிடில்ஸ்பரோவில், ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைக்க, 1903இல் திறக்கப்பட்ட மைதானம் அது. 1949இல் நியூகாஸிலோடு நடந்த ஆட்டத்துக்கு 53,802 பேர் திரண்டார்கள். வில்ஃப் மேனியனும், பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற பிரையன் கிளஃபும் ஆடிய தரை. 1986இல் மிடில்ஸ்பரோ கிளப் கடனில் மூழ்கியபோது வாசலுக்கே பூட்டுப் போட்டார்கள். அந்த சீசனின் முதல் சொந்த ஆட்டத்தை ஹார்ட்டில்பூலில் போய் ஆட வேண்டியிருந்தது.

1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் துயரத்துக்குப் பின், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றானது. வீட்டு வரிசைகள் நெருக்கிய அயர்சமில் விரிக்க இடம் ஏது? 1995 ஏப்ரல் 30 அன்று லூட்டனை 2-1 என்று வென்றதே கடைசி லீக் ஆட்டம். கிளப் ரிவர்சைடு என்ற புதிய மைதானத்துக்குப் போனது. பழைய மைதானத்தை இடித்து வீடுகள் கட்டினார்கள்.

இடித்தபின் ஒரு கல்வெட்டோடு கைகழுவும் ஊர்களே அதிகம். இங்கே கலைஞர் நெவில் கேபி மைதானத்தின் அளவுகளை அந்தக் குடியிருப்புக்குள்ளேயே அடையாளமிட்டார். பாக் உதைத்த இடத்தில் வெண்கல பூட்ஸ் தடம் ஒன்று பதிந்திருக்கிறது. கால்பந்து நினைவை இதைவிடச் சரியாகக் காத்த ஊர் எனக்குத் தெரியாது. கோல் எங்கே விழுந்தது என்பதைக் காலால் மிதித்தே அறியலாம்.

ஊரின் அன்பும் அப்படித்தான். காலிறுதியில் போர்ச்சுகலை எதிர்த்து ஆடிய கொரியர்களுக்காக மிடில்ஸ்பரோக்காரர்கள் லிவர்பூல் வரை போனார்கள்; 3-0 முன்னிலையை விட்டு 3-5 என்று தோற்றபோதும் கைதட்டினார்கள். 2002இல் அந்த அணியில் உயிரோடிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அயர்சம் இல்லாத ஊர் அவர்களை ரிவர்சைடில் வரவேற்றது.