மஜ்னூனும் மை ஸியாதாவும்

லைலா–மஜ்னூன் கதையை அறியாத தமிழர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும் மஜ்னூன் என்பது அக்காதலனின் இயற்பெயரன்று. அவன் பெயர் கைஸ். ‘ஜின் பிடித்தவன்’ என்பதே மஜ்னூன் என்னும் அரபுச் சொல்லின் பொருள். ஊரார் இட்ட வசைப்பெயரே காவியத்தின் பெயராயிற்று! சித்தங் கலங்கிய மகனைத் தந்தை மக்காவுக்கு அழைத்துச் சென்று, நோய் நீங்கப் பிரார்த்திக்கச் சொன்னார் என்று கதை கூறும்.

இக்கதையை அரபுக் கவியரசர் அஹமத் ஷௌகி செய்யுள் நாடகமாக்கி 1931-இல் வெளியிட்டார். பித்துற்ற காதலனுக்காக அரபு இலக்கியம் சிந்திய கண்ணீர் கொஞ்சமன்று. ஆனால், உயிருள்ள ஒருவர் மனம் நொந்தபோது அச்சமூகம் செய்ததென்ன?

மை ஸியாதா அம்மையாரின் சரிதம் இதற்கு விடை கூறும். 1886-இல் நாசரேத்தில் பிறந்த இவர், கெய்ரோவில் பெரும் புகழ்பெற்ற எழுத்தாளர். எகிப்தின் அறிஞர் பலர் வாரந்தோறும் அவர் இல்லத்தில் கூடினர். பெற்றோரையும் கடித நண்பர் கலீல் ஜிப்ரானையும் சில ஆண்டுகளுக்குள் இழந்து துயரில் மூழ்கினார். உறவினர் அவரை லெபனானுக்கு அழைத்துச் சென்று, 1936-இல் அஸ்பூரிய்யா மனநோய் மருத்துவமனையில் அடைத்தனர். சொத்தின்மேல் கொண்ட ஆசையே காரணம் என்பது அவர் தரப்பின் குற்றச்சாட்டு. அம்மையார் உணவை மறுத்துப் போராடினார். அமீன் ரைஹானி முதலியோரும் பத்திரிகைகளும் குரலெழுப்பிய பின்னரே விடுதலை கிடைத்தது. 1938-இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றித் தம் அறிவின் தெளிவை நிலைநாட்டினார். 1941-இல் மறைந்தார்.

ஆகவே மனநோய் மருத்துவமனையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. நோயை மானக்கேடாக்கிய மனப்பான்மையையே கண்டிக்கிறோம். 1896-இல் நிறுவப்பெற்று 1982-இல் மூடப்பட்ட அஸ்பூரிய்யாவின் பெயர் லெபனானில் இன்றும் ஏளனச் சொல்லாக வழங்குகிறது. மருத்துவமனையின் பெயரே வசையானால், நோயாளி அதன் வாசலை மிதிக்க அஞ்சுவான். பேராசைக்காரனோ அவ்வாசலையே ஆயுதமாக்கிக் கொள்வான். துயருற்றோர் உதவி கேளாமலே நைந்து போவர்.

இம்மனப்பான்மையை அரபு மரபின் மேல் ஏற்றுதல் நியாயமன்று. சுல்தான் கலாவூன் கெய்ரோவில் 1284-இல் அமைத்த ஆதுலர் சாலையில் மனநோயாளர்க்குத் தனியிடம் இருந்தது. அலெப்போவில் 1354-இல் எழுந்த அர்கூன் மருத்துவசாலையில் அவர்தம் மனஅமைதிக்கென நீரூற்றுகள் இருந்தன. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலைப் போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் சிகிச்சை உண்டு என்று அரபு மொழியில் நூல் எழுதினார்.

கைஸின் கதையில் அழகுண்டு, மறுக்கவில்லை. ஆயின், நோயை அழகாக்கிக் காட்டும் காவியம், நோயாளிக்கு வழி காட்டுவதில்லை. அரபு எழுத்தாளர் மஜ்னூனைப் பாடியது போதும். மை ஸியாதாவின் துயரை எழுதட்டும். துயருற்றவர் வெட்கமின்றி மருத்துவரை நாடும் துணிவையும் எழுதட்டும். அவ்வெழுத்தையே நாம் உயர்ந்த இலக்கியமென்போம்.