பெயருக்குள் மறைந்த வைத்தியர்: கிறீன் மரபின் ஆவணங்களும் பரமட்டாத் தமிழரின் குலவழித் தேடலும்

பரமட்டாவை ஒட்டிய ஹரிஸ் பார்க் இன்று இந்தியக் கடைத்தெருவால் பெயர் பெற்றது. ஆயினும் அவ்வூர்ப் பெயர் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸைக் குறிப்பது. ஜேம்ஸ் ரூஸின் பண்ணையை அவர் 1793இல் வாங்கியது வரை யாவும் ஆவணத்தில் உள்ளன. பிரித்தானிய மருத்துவரின் வழிவந்தோர்க்கு வேறு துணைகளும் உண்டு: 1858ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய மருத்துவப் பதிவேடு, அறுவை மருத்துவர் அரச கல்லூரியினரின் வாழ்க்கைக் குறிப்புகள், 1838இல் அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மருத்துவ வாரியத்தின் பட்டியல்கள். அவ்வூரில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பமொன்று தன் வைத்திய முன்னோரைத் தேடப் புகும்போது இக்கருவிகளுள் ஒன்றும் கைகொடுப்பதில்லை. கைகொடுக்கக்கூடிய நூல்களோ வேறு நோக்கத்துடன் எழுதப்பட்டவை.

அவற்றுள் முதன்மையானவை மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பற்றியவை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமும் மருத்துவக் கல்வியும் நடத்தி, 1873இல் அமெரிக்கா திரும்பிய கிறீன், 60க்கும் மேற்பட்ட உள்ளூர் மாணவரை மருத்துவராக்கினார். அவர்களுள் பலர் தமிழிலேயே பயின்றவர். அவருடைய கடிதங்களை எபனேசர் கட்லர் தொகுத்த நூல் 1891இல் குடும்ப நண்பர்களுக்கென்றே அச்சிடப்பட்டது. ஒரு குடும்பத்தின் நினைவேடு இன்று வேறு பல குடும்பங்களின் மூலாதாரமாகியிருப்பது விந்தையே. அதில் கிறீன் முழு உருவில் நிற்கிறார். மாணவரோ அவர் கடிதங்களின் ஓரத்தில் வந்து மறைகின்றனர்.

தமிழில் இக்குறையை ஓரளவு நேர்செய்தவர், பிற்காலத்தில் சிட்னியில் வாழ்ந்த கவிஞர் அம்பி. அவருடைய ‘கிறீனின் அடிச்சுவடு’ (1967), ‘மருத்துவத் தமிழ் முன்னோடி’ ஆகிய நூல்கள் இல்லையேல் கிறீன் தமிழ்ப் பொதுநினைவில் இந்த அளவுக்கு நிலைத்திருக்கமாட்டார். ஆயினும் தலைப்புகளே உணர்த்துவதுபோல், அம்பியின் வினா மொழி பற்றியது: அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்பது. ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) போன்ற நூல்கள் அவ்வினாவுக்கு விடையாகின்றன. கற்றவர் யார், எவ்வூரார், யாருடைய மக்கள் என்பது வேறு வினா. அதனை அம்பியிடம் எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அவருக்குப்பின் வந்த ஆய்வுகளும் கலைச்சொல் பட்டியலைவிட்டு நகராதிருப்பது குறையே.

சிக்கலின் வேர் பெயரில் உள்ளது. மிஷன் விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரவலரின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எனத் தமிழ்ப்பெயரும் உடன் வழங்கியவர் பேறுபெற்றவர். அவர்களை அடையாளம் காண்பது எளிது. கிறீனின் மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற சாப்மன், டான்போர்த் ஆகியோர் யாழ்ப்பாணத் தமிழரே. ஆவணத்தில் ‘டாக்டர் டான்போர்த்’ என்று மட்டும் கண்ட வழித்தோன்றல் ஒருவர் பிரித்தானியப் பதிவேட்டைப் புரட்டி ஏமாறுவதும், பிறிதொரு டான்போர்த்தைத் தம் மூதாதையாகக் கொள்வதும் நிகழக்கூடியவையே.

இது மிஷன் கால வழக்கம் மட்டுமன்று. யாழ்ப்பாணத்து மருத்துவத் தொகுப்புகளான ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ இரண்டும் தொகுத்த வைத்தியரை அல்ல, ஆரியச்சக்கரவர்த்திகளின் அரியணைப் பெயர்களையே தாங்குகின்றன. அங்கே அரசன், இங்கே பாஸ்டன் நகரப் புரவலன். இருநிலையிலும் வைத்தியனின் பெயர் பின்னொதுங்குகிறது. மானிப்பாயின் நிலை ஒருவகையில் மேலானது. புரவலர் நன்கொடைகளை ‘மிஷனரி ஹெரால்ட்’ இதழ் அச்சிட்டுவந்தது. இலங்கையில் இன்ன பெயருடைய பிள்ளைக்கென வந்த தொகை என்ற குறிப்புகள் அவற்றில் உண்டு. எப்பெயர் எந்த ஆண்டளவில் வழங்கத் தொடங்கியது என்பதை இவற்றால் வரையறுக்கலாம். ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்திலுள்ள அமெரிக்க மிஷன் சங்க ஆவணங்களோடும், 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’யோடும் அவற்றை ஒப்பிட்டுக் காண்பதே செய்யத்தக்க பணி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபின் இத்தகைய அயலகச் சேமிப்புகளின் மதிப்பு மிகுந்துள்ளது.

குடும்ப வழக்காறும் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கது. ‘டாக்டர்’ என நினைவில் நிற்பவர் ஏட்டில் அப்போதிக்கரியாகவோ மருந்து கலப்பவராகவோ இருக்கலாம். ‘பரியாரியார்’ என்றால் மிஷன் ஏடுகளில் தேடுவதால் பயன் பெரும்பாலும் இராது. மிஷன் ஆவணம் பெரிதும் ஆண்வழியே பேசுவது. வைத்தியரின் மகளைத் தேடுவோர் சிட்னியில் தம் வீட்டுப் பழைய பெட்டிகளில் கிடக்கும் சீதன உறுதிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தேசவழமைப்படி அவளுக்கு நிலம் எழுதிக்கொடுத்த தந்தை, அங்கே தன் தமிழ்ப்பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கக்கூடும்.